கேம் பாய் சேகரிப்பு: ஒரே கருவி, பன்னிரண்டு கார்ட்ரிட்ஜ். எதை வாங்குவது, எப்படிச் சோதிப்பது, எப்படிக் காப்பது

பழைய வீடியோ கேம்களைச் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் நான்கைந்து கருவிகளை வாங்கிவிட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று கேம்களோடு நின்றுவிடுகிறார்கள். கருவி ஒன்று கூடினால் அதற்கென ஓர் அடாப்டர், ஒரு கேபிள், ஒரு கன்ட்ரோலர் என்று செலவும் கூடும். பணம் அதில் போய்விடும், விளையாடக் கையில் ஒன்றும் மிஞ்சாது. சின்னச் சேகரிப்பு நன்றாக அமைய வேண்டுமானால் கருவியை ஒன்றோடு நிறுத்தி, தேர்வு முழுவதையும் கேம்களில் காட்ட வேண்டும்.

அந்த ஒரு கருவிக்கு எங்கள் பரிந்துரை நின்டெண்டோவின் கையடக்கக் கருவியான, 2003-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் எஸ்பி (சுருக்கமாக எஸ்பி). 1989-இல் வந்த முதல் கேம் பாய், 1998-இல் வந்த கேம் பாய் கலர், 2001-இல் வந்த கேம் பாய் அட்வான்ஸ் ஆகிய மூன்றின் கார்ட்ரிட்ஜும் (கேம் அடங்கிய, கருவியில் செருகும் சின்னக் கூடு) இதில் ஓடும். இதற்குத் திரை தனியாகத் தேடவேண்டாம். பழைய டிவி கருவிகளை இன்றைய எல்இடி டிவியில் மாட்டும்போது வரும் மங்கல், தாமதம் போன்ற தொல்லைகளும் கிடையாது. எல்லாவற்றையும்விடப் பெரிய வசதி, கேம் பாய் குடும்பத்துக் கார்ட்ரிட்ஜ்களுக்கு நாட்டுப் பூட்டு இல்லை என்பது. ஜப்பான், அமெரிக்கா, ஐரோப்பா என எங்கே விற்றதாக இருந்தாலும் அதே வேகத்தில் ஓடும். ஐரோப்பிய டிவி கருவிகளில் கேம் மெதுவாக ஓடிய பிரச்சினை கையடக்கக் கருவிக்கு இல்லை.

தொண்ணூறுகளில் நம் ஊர் வீடுகளில் டிவியில் மாட்டி ஆடிய கார்ட்ரிட்ஜ்கள் இன்னும் பரணில் கிடந்தால், அவை நின்டெண்டோவின் பழைய டிவி கருவியான ஃபேமிகாமின் நகல்களுக்கானவை. கேம் பாயில் பொருந்தாது.

படி 1: கருவியைச் சரிபார்த்து வாங்குங்கள்

எஸ்பியில் இரண்டு வகைத் திரைகள் உண்டு. பின்பக்க லேபிளில் ஏஜிஎஸ்-001 என்றிருந்தால் ஒளி திரையின் முன்பக்கத்திலிருந்து விழும். ஏஜிஎஸ்-101 என்றிருந்தால் பின்னிருந்து வரும், படம் பளிச்சென்று இருக்கும். லேபிளை நம்ப முடியாவிட்டால் திரைக்குக் கீழே உள்ள ஒளிப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். 001-இல் விளக்கு அணைந்து எரியும். 101-இல் ஒருபோதும் அணையாது, ஒளி குறையும் கூடும், அவ்வளவுதான்.

வாங்கும் முன் விற்பவரிடம் ஒரு வீடியோ கேளுங்கள். அதில் மூன்றைக் கவனியுங்கள். கீல் பகுதியில் விரிசல் இருக்கிறதா? எல், ஆர் பொத்தான்கள் ஒவ்வொரு அழுத்தலுக்கும் வேலை செய்கின்றனவா? பேட்டரி மூடி சமமாக உட்காருகிறதா, உப்பி நிற்கிறதா? உப்பிய பேட்டரியை உடனே மாற்ற வேண்டும். மூலப் பேட்டரி 3.7 வோல்ட், 600 எம்ஏஎச்.

சார்ஜர் விஷயத்தில் கவனமாக இருங்கள். ஜப்பானிலிருந்து வரும் அடாப்டர் 100 வோல்ட்டுக்கும், அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ட்டுக்கும் செய்யப்பட்டது. அதை நம் வீட்டு 230 வோல்ட் பிளக்கில் நேரடியாகச் செருகினால் அடாப்டர் எரியும், கருவியும் கெடலாம். யுஎஸ்பியில் செருகும் எஸ்பி சார்ஜிங் கேபிள் விலை குறைவு, அதுவே பாதுகாப்பு. இயர்போனுக்கும் எஸ்பியில் நேரடி ஓட்டை கிடையாது, தனி இணைப்பான் வேண்டும்.

நின்டெண்டோவின் பிந்தைய கையடக்கக் கருவியான டிஎஸ் லைட் வைத்திருப்பவர்கள் அதிலேயே தொடங்கலாம். ஆனால் அதில் அட்வான்ஸ் கார்ட்ரிட்ஜ் மட்டுமே ஓடும், பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ் உள்ளே போகாது.

படி 2: ஒவ்வொரு கேமையும் நான்கு கேள்விகளால் வடிகட்டுங்கள்

இணையத்தில் கிடைக்கும் 'சிறந்த நூறு' பட்டியல்கள் கேமின் தரத்தைச் சொல்லும், உங்கள் கைக்கு வரும் கார்ட்ரிட்ஜின் நிலையைச் சொல்லாது. இருபது, முப்பது ஆண்டுப் பழைய பொருளை வாங்குகிறீர்கள். அதனால் புகழைவிட இந்த நான்கும் முக்கியம்.

முதல் கேள்வி, சேவ், அதாவது ஆட்டத்தை விட்ட இடத்தின் பதிவு, எங்கே இருக்கிறது? சில கேம்களில் சேவே கிடையாது. அவை மிகப் பாதுகாப்பான வாங்கல், ஏனென்றால் உள்ளே தீர்ந்துபோக ஒன்றுமில்லை. கேம் பாய், கேம் பாய் கலர் கார்ட்ரிட்ஜ்களில் சேவ் உள்ளவை பெரும்பாலும் ஒரு பட்டன் செல்லை நம்பியிருக்கின்றன. செல் தீர்ந்தால் சேவ் அழியும், மாற்றும்வரை புதிதாகவும் சேவ் ஆகாது. அட்வான்ஸ் கேம்கள் பலவற்றில் மின்சாரம் இல்லாமலே நினைவில் நிற்கும் சிப் இருக்கிறது.

போக்கிமான் வரிசையில் இந்த வேறுபாடு துல்லியமாகத் தெரியும். கேம் பாய் கலர் காலத்துக் கோல்டு, சில்வர், கிரிஸ்டல் மூன்றிலும் ஒரே சிஆர்2025 செல்தான் சேவையும் காப்பாற்றுகிறது, உள்ளே ஓடும் கடிகாரத்தையும் ஓட்டுகிறது. இரண்டு வேலை செய்வதால் சீக்கிரம் தீரும். மாற்றப்படாத செல்லோடு வருகிற கோல்டு கார்ட்ரிட்ஜில் சேவ் நிற்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். அட்வான்ஸுக்கு வந்த ரூபி, சஃபையர், எமரால்டு மூன்றிலும் செல் உண்டு, ஆனால் அது கடிகாரத்துக்கு மட்டும். தீர்ந்தால் தொடக்கத்தில் ஒரு செய்தி வரும், நேரத்தைச் சார்ந்த நிகழ்வுகள் நின்றுவிடும், சேவ் பத்திரமாக இருக்கும். ஃபயர்ரெட், லீஃப்கிரீன் இரண்டிலும் செல்லே கிடையாது. எனவே முதல் போக்கிமானாக நாங்கள் சொல்வது ஃபயர்ரெட்தான். கோல்டுதான் கதையில் பெரியது என்று ரசிகர்கள் வாதிடுவார்கள், அது சரிதான். ஆனால் செல்லை மாற்றச் சால்டரிங் (ஈயப் பற்றவைப்பு) தேவை, அது தெரியாமல் கோல்டு வாங்கக் கூடாது.

இரண்டாவது கேள்வி, மொழி. ஜப்பானியப் பதிப்புகள் பெரும்பாலும் விலை குறைவு. தாவல், புதிர், சுடுதல் வகைக் கேம்களை ஜப்பானிய மொழியில் வாங்கினால் இழப்பு ஏதுமில்லை. உரையாடலால் நகரும் கேம்களை அப்படி வாங்கக் கூடாது. ஐரோப்பியப் பதிப்புகள் பலவற்றில் ஆங்கிலமும் உள்ளே இருக்கும், அவற்றைப் பலர் தேடுவதில்லை. ஆங்கிலப் பதிப்பு வேண்டுமானால் அமெரிக்க லேபிளோடு ஐரோப்பிய லேபிளையும் சேர்த்துத் தேடுங்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் தபால் செலவையும் சுங்க வரியையும் விலையோடு கூட்டிப் பார்த்த பிறகே மலிவா என்று முடிவு செய்யுங்கள். நான்கைந்தை ஒரே பார்சலில் வாங்கினால் தபால் செலவு பிரியும்.

மூன்றாவது, எவ்வளவு நேரம் கேட்கிறது? ஐந்து நிமிடம், ஒரு மாலை, சில வாரங்கள் என மூன்று அளவிலும் கேம் இருந்தால்தான் கருவியைத் தினமும் கையில் எடுப்பீர்கள். பன்னிரண்டும் நாற்பது மணி நேரக் கதைகளாக இருந்தால் இரண்டைத் தொடங்கி, இரண்டையும் முடிக்காமல் விடுவீர்கள்.

நான்காவது, உங்கள் கருவியில் சரியாக ஓடுமா? எஸ்பியில் கார்ட்ரிட்ஜ் கீழ்ப்பக்கத்தில் செருகப்படுவதால், சாய்த்து ஆடும் கிர்பி டில்ட் அண்ட் டம்பிளில் திசை தலைகீழாகிவிடும். ஒளி ஊடுருவும் கேம் பாய் கலர் கார்ட்ரிட்ஜ்கள் எஸ்பியில் ஓடும், 1989-இன் முதல் கேம் பாயில் ஓடாது. கறுப்பு நிறக் கார்ட்ரிட்ஜ் என்றால் இரண்டிலும் ஓடும்.

வாங்கும் முன் ஆடிப் பார்க்க வழி இருந்தால் விடாதீர்கள். நின்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவில் 2023 பிப்ரவரி முதல் கேம் பாய் கேம்களும், அதன் கூடுதல் கட்டண எக்ஸ்பான்ஷன் பேக் சந்தாவில் கேம் பாய் அட்வான்ஸ் கேம்களும் சேர்க்கப்பட்டுள்ளன. அரை மணி நேரம் ஆடியும் கை தானாகத் தொடரவில்லை என்றால் அந்தக் கேமைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள், எவ்வளவு புகழ் பெற்றதாக இருந்தாலும்.

படி 3: ஒன்பதை நிரப்புங்கள், மூன்றைக் காலியாக விடுங்கள்

கீழே வரும் ஒன்பதும் நான்கு கேள்விகளையும் தாண்டியவை. மீதி மூன்று இடமும் உங்கள் ரசனைக்கு. முதல் ஒன்பதை ஆடிய பிறகே எந்த வகை பிடிக்கிறது என்று தெளிவாகும், அதற்குள் அவற்றை நிரப்ப வேண்டாம்.

டெட்ரிஸ் டிஎக்ஸ், 1998. முதல் டெட்ரிஸ் எங்கும் மலிவாகக் கிடைக்கும், ஆனால் கருவியை அணைத்தால் அதிகபட்சப் புள்ளிகள் அழிந்துவிடும். டிஎக்ஸ் அவற்றைச் சேமிக்கும், நிறமும் உண்டு. வீட்டில் இருவர் போட்டி போட்டால் இதுதான் வேண்டும். உள்ளே செல் இருப்பதால் படி 5 இதற்கும் பொருந்தும்.

கிர்பிஸ் டிரீம் லேண்ட், 1992. ஐந்தே கட்டங்கள், சேவ் இல்லை, ஒரே அமர்வில் முடியும். சிறு பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சரியான முதல் கேம்.

டாங்கி காங், 1994. இதைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். 1981-இல் வந்த, காசு போட்டு ஆடும் ஆர்கேட் கருவியில் இருந்த நான்கு கட்டங்களோடு தொடங்கும். அவை முடிந்ததும் குரங்கு மீண்டும் பெண்ணைத் தூக்கிக்கொண்டு ஓட, அங்கிருந்து 97 புதிய கட்டங்கள் விரியும். ஒவ்வொன்றும் சில நிமிடப் புதிர்: சாவியை எடுத்துக் கதவுக்குக் கொண்டுபோக வேண்டும். கைகளால் நின்று எழும்புவது, குட்டிக்கரணம் அடித்துத் தாவுவது என்று மரியோவுக்குப் புது அசைவுகள் உண்டு. நேரம் குறைவாக இருந்தாலும் ஆடலாம், கூடுதலாக இருந்தாலும் ஆடலாம். பன்னிரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் இதைத்தான் வைத்துக்கொள்ளச் சொல்வோம். இதன் ஜப்பானியப் பதிப்பும் தாராளமாகப் போதும்.

லிங்க்ஸ் அவேக்கனிங் டிஎக்ஸ், 1998. 1993-இல் வந்த கேமின் வண்ணப் பதிப்பு, கூடுதலாக ஒரு குகையும் உண்டு. உரையாடல் நிறைய என்பதால் ஜப்பானியப் பதிப்பு வேண்டாம்.

மெட்ராய்டு ஜீரோ மிஷன், 2004. 1986-இன் முதல் மெட்ராய்டைப் புதிதாகச் செய்தது. முடித்துவிட்டால் அந்தப் பழைய கேமே உள்ளே திறக்கும், ஒரே கார்ட்ரிட்ஜில் இரண்டு.

அட்வான்ஸ் வார்ஸ், 2001. ஒரே கருவியைக் கைமாற்றி இருவர் ஆடலாம். கேபிள் வேண்டாம், இன்னொரு கார்ட்ரிட்ஜ் வேண்டாம். பேருந்திலோ ரயிலிலோ நீண்ட பயணம் போகும் இரண்டு பேருக்கு இதைவிடப் பொருத்தமான கேம் இந்தக் கருவியில் இல்லை. ஜப்பானில் இதுவும் இதன் இரண்டாம் பாகமும் சேர்த்து 2004-இல் ஒரே கார்ட்ரிட்ஜாக வந்தன. ஆங்கிலம் வேண்டுமானால் 2001 பதிப்பையே தேடுங்கள்.

போக்கிமான் ஃபயர்ரெட், 2004. காரணம் மேலே சொன்னதுதான். போலி அதிகம் உள்ள கேம்களில் ஒன்று என்பதால் அடுத்த படியைக் கவனமாகப் படியுங்கள்.

ரிதம் தெங்கோகு, 2006. ஜப்பானில் மட்டும் விற்றது. தாளத்துக்கு ஏற்பப் பொத்தானை அழுத்த வேண்டும், மொழி தெரியாவிட்டாலும் காது போதும். எஸ்பியின் சின்ன ஒலிபெருக்கியில் பாதிதான் கேட்கும், இயர்போன் இணைப்பானோடு ஆடுங்கள்.

போக்டாய், 2003. கார்ட்ரிட்ஜின் மேற்புறத்தில் ஒரு சூரிய உணரி இருக்கிறது. வெயிலில் ஆடினால்தான் நாயகனின் ஆயுதத்துக்குச் சக்தி ஏறும், அறைக்குள் எரியும் டியூப்லைட் பயன்படாது. குளிர்நாடுகளில் இதை வாங்கியவர்கள் மாதக்கணக்கில் வெயிலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ அந்தக் கவலை இல்லை. காலை எட்டு மணிக்கு மொட்டைமாடி போதும். உச்சி வெயிலில் கருவியை வைக்காதீர்கள், திரையும் பேட்டரியும் சூடாகும். இந்த ஒரு கேமுக்கு மட்டும் 001 திரைதான் மேல், விளக்கை அணைத்தால் வெயிலின் ஒளியிலேயே படம் தெரியும்.

இருவராக ஆட கேபிள் வாங்குவதானால் ஒரு சிக்கல் உண்டு. எஸ்பியிலேயே ஆடினாலும், பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜ்களுக்குக் கேம் பாய் கலர் கேபிள்தான் வேலை செய்யும். அட்வான்ஸ் கேம்களுக்கு அட்வான்ஸ் கேபிள். ஒன்று மற்றொன்றுக்கு உதவாது. மரியோ கார்ட் சூப்பர் சர்க்யூட்டை ஒரே கார்ட்ரிட்ஜ் வைத்துப் பல கருவிகளில் ஆடலாம், ஆனால் அப்போது எல்லோருக்கும் யோஷி என்ற ஒரே பாத்திரம்தான், ஓட்டப் பாதைகளும் சிலவே.

படி 4: போலியைக் கண்டுபிடியுங்கள்

விற்பவரிடம் நான்கு படங்கள் கேளுங்கள்: முன்புறம், பின்புறம், கார்ட்ரிட்ஜின் வாய்க்குள் தெரியும் சர்க்யூட் பலகை, லேபிளைச் சாய்த்து வெளிச்சத்தில் எடுத்தது. கொடுக்கத் தயங்கினால் அந்த விற்பனையை விட்டுவிடுங்கள்.

ஃபயர்ரெட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். லேபிளைச் சாய்த்துப் பார்த்தால், மேலே அச்சாகாமல் காகிதத்தில் அழுந்திய இரண்டு இலக்க எண் தெரிய வேண்டும். சிலவற்றில் எண்ணோடு ஓர் எழுத்தும் சேர்ந்திருக்கும். அடுத்து வாய்க்குள் பாருங்கள். தங்க நிறத் தொடுமுனைகளுக்குச் சற்று மேலே, பலகையிலேயே நின்டெண்டோ என்ற பெயர் அச்சாகியிருக்கும். பின்புறத் திருகு மூன்று கால் உள்ள ஒய் வடிவத் தலையாக இருக்க வேண்டும். சாதாரண நட்சத்திரத் திருகு என்றால் போலி, அல்லது யாரோ திறந்து மாற்றியது. கடைசியாகத் திறந்து பார்க்க முடிந்தால் சந்தேகமே தீர்ந்துவிடும். ஃபயர்ரெட்டுக்குள் பட்டன் செல் இருந்தால் அது போலி, ஏனென்றால் அசலில் அதற்கு இடமே இல்லை.

இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். நல்ல போலிகள் லேபிள் எண்ணையும் அழுத்திவிடுகின்றன. எமரால்டு வாங்கினால் கூட்டின் பிளாஸ்டிக்கையும் பாருங்கள், அசல் ஒளி ஊடுருவும் பச்சை. போலி ஆடவே ஆடாது என்றில்லை, ஆடும். பிரச்சினை சேவில் வரும். பல நாள் ஆடிய பிறகு, கடைசிப் போட்டியை வென்று பதிவாகும் இடத்தில் உறைந்துபோகும் போலிகள் உண்டு.

விலையைத் தெரிந்துகொள்ள, கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். ஈபேயில் 'விற்று முடிந்தவை' என்ற வடிகட்டியைப் போட்டு, கடைசியாகப் போன ஐந்தாறு விலைகளைப் பாருங்கள். அதில் பாதிக்கும் கீழே ஒருவர் கேட்டால் காரணம் இருக்கும். பெட்டியோடு வேண்டாம், கார்ட்ரிட்ஜ் மட்டும் போதும். அட்டைப் பெட்டிக்குக் கொடுக்கும் பணத்தில் பல நேரம் இன்னொரு கேமே வாங்கிவிடலாம், நம் ஊர் ஈரத்தில் அந்த அட்டை வளைந்தும் போகும்.

படி 5: வந்ததும் சுத்தம், பிறகு செல்

வேண்டிய பொருள்கள்: 3.8 மில்லிமீட்டர் கேம்பிட் திருப்புளி, இது பழைய கேம் பாய் கார்ட்ரிட்ஜுக்கு. ஒய் வடிவத் திருப்புளி, இது அட்வான்ஸுக்கு. 90 சதவீதத்துக்கு மேல் உள்ள ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், காது குடையும் பஞ்சுக் குச்சி, மல்டிமீட்டர். சென்னையில் இருப்பவர்களுக்கு ஆல்கஹாலும் மல்டிமீட்டரும் ரிச்சி தெருவில் கிடைக்கும்.

கார்ட்ரிட்ஜ் ஓடவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள். எச்சிலின் ஈரம் தொடுமுனையை அரிக்கும். பஞ்சில் ஆல்கஹாலைச் சொட்டாத அளவுக்கு நனைத்து, தொடுமுனைகளை மேலிருந்து கீழாகத் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் புதிதாக எடுங்கள், வெள்ளையாகவே வரும்வரை. ஐந்து நிமிடம் காயவிட்டுச் செருகுங்கள். உப்புத்தாளோ பித்தளை பாலிஷோ போடவேண்டாம், மெல்லிய தங்கப் பூச்சு போய்விடும், பிறகு துரு வேகமாக ஏறும்.

செல்லைச் சோதிக்க, கூட்டைத் திறந்து மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து செல்லின் இருபுறமும் தொடுங்கள். 3 வோல்ட் அல்லது சற்று மேலே இருந்தால் நன்று. 2.5-க்குக் கீழே போய்விட்டால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. செல்லில் அச்சாகியுள்ள எண்ணையே வாங்குங்கள். சிஆர்1616, சிஆர்2025 இரண்டும் இந்தக் கார்ட்ரிட்ஜ்களில் வரும், தடிமன் வேறு.

மாற்றும்போது பழைய செல்லை எடுத்த நொடியே சேவ் போய்விடும். காப்பாற்ற வேண்டுமானால் ஜிபிஎக்ஸ்கார்ட் ஆர்டபிள்யூ, ஜிபி ஆப்பரேட்டர் போன்ற ஒரு ரீடரால் முதலில் கணினியில் நகல் எடுத்து, மாற்றிய பின் திருப்பி எழுதுங்கள். புதிய செல் தகடு பற்றவைத்து வருவதாக இருக்க வேண்டும். வெறும் செல்லின்மேல் சால்டரிங் செய்தால் வெப்பத்தில் வெடிக்கக்கூடும். டேப் ஒட்டி நிறுத்துவதும் வேண்டாம், கார்ட்ரிட்ஜ் ஒருமுறை கீழே விழுந்தால் தொடர்பு விட்டுச் சேவ் அழியும். கூட்டல் குறி, கழித்தல் குறி பலகையில் அச்சாகியிருக்கும், தகடுகளை அதற்கேற்ப வைத்துப் பற்றவையுங்கள். முடிந்ததும் கேமில் ஒரு சேவ் செய்து, கருவியை அணைத்து, கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, மறுநாள் திரும்பப் போட்டுப் பாருங்கள். சேவ் இருந்தால் வேலை சரி.

படி 6: வைக்கும் இடம்

கடலோர ஊர்களில் ஈரமும் உப்புக் காற்றும்தான் எதிரி. மூடி இறுகும் பிளாஸ்டிக் டப்பாவில், ஒவ்வொரு கார்ட்ரிட்ஜையும் அதன் சின்ன உறைக்குள் போட்டு, இரண்டு மூன்று சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். மழைக்காலம் முடிந்ததும் பொட்டலங்களை மாற்றுங்கள். ஜன்னலோர அலமாரியில் வைத்தால் லேபிள் வெளுக்கும், சாம்பல் நிறக் கூடு மஞ்சளாகும். எஸ்பியை மாதக்கணக்கில் தொடாமல் இருக்கப்போகிறீர்கள் என்றால் பேட்டரியை பாதி சார்ஜில் விட்டு வையுங்கள்.

ஒரு தாளில் நான்கு நெடுவரிசை போதும்: கேம் பெயர், வாங்கிய விலை, செல் எண், மாற்றிய தேதி. செல் உள்ள கார்ட்ரிட்ஜ்களை ஆண்டுக்கு ஒருமுறை போட்டு, சேவ் நிற்கிறதா என்று பாருங்கள். பன்னிரண்டு நிறைந்த பிறகு புதிதாக ஒன்று வேண்டும் என்று தோன்றினால், ஓராண்டாக எந்தக் கேம் டப்பாவைவிட்டு வெளியே வரவில்லை என்று பாருங்கள். அதை விற்று, அல்லது நண்பரிடம் மாற்றிக்கொண்டு, அந்த இடத்தில் புதியதை வையுங்கள்.